ஏஜெண்ட்டுக்கு ஒரு கூறு

எங்கள் ஏஜெண்ட் என்னை மொத்தம் மூன்று முறை அடித்தார். மூன்றும் சட்டத்தை முன்னிட்டு விழுந்த அடிகள். முதல் இரண்டுக்கும் நடுவே எட்டு நிமிடம்தான் இடைவெளி. மூன்றாவது விழ ஆறு வருடம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் வங்கிக் கிளையின் பெரிய அதிகாரிக்கு ஏஜெண்ட் என்றுதான் பெயர். பிற்பாடு மேனேஜர் என்று மாற்றினார்கள். காரிமங்கலத்தில் யாரும் வாயை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் கிளை ஒரு மாடியில் இருந்தது. கீழே உரக்கடை, நடுவில் பத்தொன்பது படிகள். உள்ளே ஏஜெண்ட், காசாளர், பியூன், காவல்காரர், கிளார்க்காகிய நான். ஆக ஐந்து பேர். மற்ற நால்வரில் அவர் கையால் அடி வாங்காதவர் காவல்காரர் ஒருவர்தான். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

ஏஜெண்ட் இடது கைக்காரர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எழுதுவது, சாப்பிடுவது, அடிப்பது மூன்றையும் அந்தக் கையாலேயே செய்தார். சாப்பிடும்போது பார்த்தவர்கள் முகம் சுளித்தால், "இந்தக் கை இதுவரைக்கும் ஒருத்தன்கிட்ட எதையும் வாங்கல. உன் வலது கையவிட இது சுத்தம்" என்பார்.

முதல் அடி இப்படி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஒரு நாள் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளரான ஒரு கடலை மண்டி முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் சேர்த்து எடுத்துவிட்டார். மூன்று வரிசை பின்னால் ஏஜெண்ட் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இறங்கியதும் பஸ் நிலையத்திலேயே வலது கன்னத்தில் விழுந்தது. காது ரீங்கென்றது.

"அவன் உனக்கு யாருய்யா? மாமனா, மச்சானா?"

முதலாளியைக் கூப்பிட்டு நிறுத்தி, டிக்கெட் காசை என் பையிலிருந்து திருப்பிக் கொடுக்க வைத்தார். அவர் வாங்க மறுத்தபோது அவர் சட்டையையும் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. நான் எண்ணியவரை இருபத்தாறு பேர்.

அலுவலகத்துக்கு வந்ததும் எனக்கு ரோஷம் வந்தது. நான் பி.ஏ. படித்தவன். சட்டம் படிக்கலாம் என்று கொஞ்ச நாள் புத்தகம் புரட்டியவன். "சார், லஞ்சச் சட்டம் பொது ஊழியருக்குத்தான் இருக்குது. தாலுக்கா ஆபீஸ்ல வாங்கினா நூத்தி அறுபத்தொண்ணாவது செக்‌ஷன். நம்முது தனியார் பேங்க். அந்தச் செக்‌ஷன் நமக்கு வரவே வராதுங்க" என்றேன்.

இரண்டாவது அடி அதற்கு.

அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது சரிதான்யா. நானும் படிச்சுப் பாத்துட்டேன். வராது. அதான் வயித்தெரிச்சல்."

அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. தன்னைச் சட்டம் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் எவனும் சந்தோஷப்படுவான். அவர் எரிந்தார்.

ஒரு சமயம் பம்ப்செட் வியாபாரி ஒருவர், பேசிக்கொண்டே மேசை இழுப்பறைக்குள் ஒரு கைக்கடிகாரத்தை நழுவவிட்டுப் போனார். ஏஜெண்ட் பியூனை ஓடவிட்டு அவரைத் திரும்ப அழைத்தார். உட்கார வைத்தார். கடிகாரத்தை மேசைமேல் வைத்து, ரூல்தடியால் அடித்தார். வியாபாரி ஐயோ ஐயோ என்கிறார். இவர் நிறுத்தவில்லை. கண்ணாடித் தூளை விட்டுவிட்டு எண்ணினால் முப்பத்தொரு துண்டு. அவற்றை உறையில் போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரை விட்டார். அந்த மாதம் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் நான்கு கல்லடிபட்டு உடைந்தன. பாலக்கோடு போகும் வழியில் இரண்டு பேர் அவரை மடக்கினார்கள். அவர் சைக்கிள் பம்ப்பால் அடித்து ஒருவன் முன்பற்களைப் பெயர்த்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்குச் சரியாக வந்து கையெழுத்துப் போட்டார். நெற்றியில் ஐந்து தையல்.

அறுபத்தொன்பதில் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. பதினான்கில் எங்களுடையதும் ஒன்று. எல்லோரும் சம்பளம் ஏறுமா, பென்ஷன் வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம். ஏஜெண்ட் சேலம் போய்ச் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். கதவைச் சாத்தி எங்கள் நால்வரையும் வரிசையில் நிற்க வைத்தார்.

"இருபத்தொண்ணாவது செக்‌ஷன். பொது ஊழியர் யாரு யாருன்னு போட்டிருக்கான். பன்னெண்டாவதா வர்றவன் நாம. சென்ட்ரல் சட்டத்துல உண்டான ஸ்தாபனத்துல சம்பளம் வாங்கறவன். புரியுதா? நேத்து வரைக்கும் கை நீட்டினா நான் அடிக்கணும். இனிமே சர்க்கார் அடிக்கும்."

"டீ வாங்கிக் குடுத்தாக் கூடங்களா சார்?" என்றார் பியூன்.

"சம்பளம் தவிர எது வாங்கினாலும்."

"வேலை முடிஞ்சப்புறம், அவனாப் பிரியப்பட்டுக் குடுத்தா?" இது காசாளர்.

"முன்னாடி வாங்கினா தூண்டுதல். பின்னாடி வாங்கினா வெகுமதி. ரெண்டுக்கும் ஒரே செக்‌ஷன்தான்யா. உனக்கு வாங்கினாலும் சரி, அடுத்தவனுக்குன்னு வாங்கினாலும் சரி. மூணு வருஷம் உள்ள."

அவர் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. சொந்தக் காசில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வரச் செய்து எங்களுக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் காலம் வந்தது. கிணறு வெட்ட, பம்ப்செட் வைக்க. அதில் அவரைப்போல வேலை செய்த அதிகாரியை நான் என் முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் பார்க்கவில்லை. எவன் கொடுத்த சான்றிதழையும் நம்ப மாட்டார். கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் தானே இறங்கி அளப்பார். தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து குப்பியில் கொண்டுபோவார். மோர் கொண்டுவந்து நீட்டிய ஒரு பெண்மணி, "எங்க வூட்டு மோர்ல வெஷமா வெச்சிருக்கறோம்?" என்று கேட்டபோது, "இருக்குதும்மா" என்றார். அந்த அம்மாள் செம்போடு சேர்த்து மோரை அவர் காலடியில் வீசியடித்தாள். பெண்களை மட்டும் அவர் அடித்ததில்லை.

சவரிமுத்துவின் கிணறு அப்படி அவர் இறங்கிய கிணறுகளில் ஒன்று. காரிமங்கலத்துக்கு மேற்கே இரண்டு மைலில், கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினெட்டு உள்ள ஒரு சிறிய ஊர். சவரிமுத்துவும் அவர் தம்பி சின்னப்பனும் வெட்டிய கிணறு முப்பத்தெட்டு அடியில் பாறையில் நின்றுவிட்டது. முதல் தவணைப் பணம் தீர்ந்துபோய்விட்டது. இரண்டாவது தவணை கொடுத்தால் மண்ணில் போட்டது மாதிரிதான் என்று மேலிடம் எழுதியிருந்தது. ஏஜெண்ட் கயிற்றில் இறங்கினார். நான் மேலே நின்று அளவு எழுதிக்கொண்டேன். கீழே பாறையில் கையை வைத்துக்கொண்டு அவர் வெகு நேரம் நின்றார்.

"சில்லுன்னு இருக்குதுய்யா!" என்று கத்தினார். "ரெண்டாவது தவணை இன்னைக்கே போடு. எவன் என்னா எழுதினாலும் நான் பாத்துக்கறேன்."

நாற்பத்தோராவது அடியில் தண்ணீர் வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கிணற்றில் தண்ணீர் கண்டால் அந்தோணியாருக்கு நேர்ந்து ஒரு கெடா வெட்டுவார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லிக் கிணற்றை மந்திரிப்பார். கிணற்றில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் கறியைச் சமமாகக் கூறு போடுவார்கள். பாறைக்கு வெடி வைத்தவருக்கு ஒரு கூறு, மண் சுமந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கூறு, ஃபாதருக்கு ஒரு கூறு. கூறு திரும்பி வரக் கூடாது. திரும்பினால், வைத்த கையை அந்த ஆள் எடுத்துக்கொண்டான் என்று பொருள். அப்புறம் அந்தத் தண்ணீரை வீட்டார் மனதாரக் குடிக்க மாட்டார்கள்.

பதின்மூன்று கூறு போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று ஏஜெண்ட்டுக்கு.

சின்னப்பன் அதைத் தேக்கு இலையில் கட்டி எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "கிளார்க் சார், நாங்க போய்க் குடுத்தா அவரு ஒதைப்பாருங்க. நீங்களே பதமாச் சொல்லிக் குடுத்துருங்க. திரும்பி மட்டும் வரக் கூடாதுங்க சார். அண்ணன் தாங்காது."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் கறி எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பதும் உண்மை. கொண்டுபோனால் ஏஜெண்ட் என்ன செய்வார் என்று தெரியும். திருப்பி அனுப்பினால் சவரிமுத்து என்ன ஆவார் என்று சின்னப்பன் சொல்லிவிட்டான். இரண்டு பேர் மனமும் நோகாமல் இருக்க ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. "குடுத்துடறேன், போ" என்றேன். அன்று மதியம் நான், மனைவி, பிள்ளைகள் இருவர், நான்கு பேரும் தின்றோம். இரண்டு நாள் கழித்து, "ஏஜெண்ட் வாங்கிக்கிட்டாரு" என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் சந்தை. கிளையில் கூட்டம் நெரிந்தது. சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஏஜெண்ட் படி முகப்பில் நின்று பியூனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏஜெண்ட்டய்யா, கறி நல்லா வெந்துச்சுங்களா? கெடா கொஞ்சம் முத்தல்னு வூட்ல சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"எந்தக் கறி?"

"அதாங்கய்யா, நம்ம கெணத்துக்கு வெட்டினது. உங்க கூறு. நீங்க வாங்கிக்கிட்டீங்கன்னு கேட்டப்புறந்தான் எனக்குச் சோறே எறங்குச்சு."

கூட்டம் முழுவதும் கேட்டது. யாரோ பின்னாலிருந்து, "அட, இவரும் வாங்கறாருய்யா!" என்றான். இன்னொருவன் சிரித்தான்.

மூன்று எண்ணும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்கு அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடி சவரிமுத்துவின் வலது காதில் விழுந்தது. அவர் அப்படியே சுற்றிப் படிகளில் சரிந்தார். உருண்டார். பதினொரு படி உருண்டு, சுவரில் தலை மோதி நின்றார். காதிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கீழே உரக்கடை வாசலில் சின்னப்பன் சந்தையில் வாங்கிய புது அரிவாளுடன் நின்றிருந்தான். அண்ணன் உருண்டதை அவன் முழுக்கப் பார்த்தான்.

ஏஜெண்ட் அதற்குள் கீழே ஓடிக்கொண்டிருந்தார். சவரிமுத்துவைத் தூக்கத்தான் ஓடினார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். "தூக்குங்கடா, தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே ஓடினார். சின்னப்பனுக்கு அது காதில் ஏறவில்லை. அவன் படியேறி வந்து அரிவாளை வீசியபோது ஏஜெண்ட் இடது கையை உயர்த்தினார். இரண்டு விரல்கள் போயின. ஒன்று ஆறாவது படியில் கிடந்தது, மற்றது ஒன்பதாவதில். வலது கையால் அவர் சின்னப்பன் கழுத்தைப் பிடித்து இரண்டு முறை சுவரில் மோதினார். அரிவாள் கீழே விழுந்தது. அப்புறம் அவனை விட்டுவிட்டு, ரத்தம் ஒழுக, "முதல்ல உன் அண்ணனைத் தூக்குடா நாயே" என்றார்.

உரக்கடை வேனில் மூவரையும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்னப்பன் அங்கேயே போலீசிடம் போனான். மற்ற இருவருக்கும் ஒரே வார்டு. எட்டாம் எண் கட்டிலில் ஏஜெண்ட், பதினொன்றில் சவரிமுத்து.

மறுநாள் நான் ஏஜெண்ட்டிடம் உண்மையைச் சொன்னேன். மூன்றாவது அடி வலது கையால் விழுந்தது. பழக்கமில்லாத கை, ஆனாலும் உதடு கிழிந்தது.

"அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

சவரிமுத்துவின் வலது காது போய்விட்டது. இடது பக்கம் குனிந்து சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க தின்னீங்களா? வூட்ல எத்தன பேருங்க?"

"நாலு பேர்."

"பசங்களும் தின்னாங்களா?"

"தின்னாங்க."

"செரி" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு நான் அங்கே இருந்த வரையில் அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இடது கைக்காரர் ஆனதால் ஏஜெண்ட்டால் எழுத முடியவில்லை. மேலிடத்துக்கு என்மேல் எழுத வேண்டிய புகாரை என்னையே எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று பக்கம். ஓர் இடத்தில் 'கவனக்குறைவால்' என்று ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னார்.

"கவனக்குறைவா? கவனமில்லாமலாய்யா தின்ன? அடி அதை."

அடித்தேன். அடுத்த பத்தியில் தன்மேல் எழுதச் சொன்னார்: கடன்தாரர் ஒருவரைக் கிளையில் வைத்து, காரணம் விசாரிக்காமல், செவிடாகும்படி அடித்தேன். அதிலும் ஒரு வார்த்தையைக் குறைக்க விடவில்லை.

காயம் ஆறுமுன்னே வழக்கு வந்தபோது அவரை வீரனாக்கத்தான் எல்லோரும் விரும்பினார்கள். மேலிடத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து இரண்டு நாள் தர்மபுரியில் தங்கினார். லஞ்சத்தை மறுத்த அதிகாரியை வெட்டினார்கள் என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். பொது ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் வெட்டிய குற்றத்துக்குச் சின்னப்பனைப் பத்து வருடம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னதற்கு ஏழு மாதம். அவன் மனைவி இரண்டையும் கோர்ட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள்.

"லஞ்சம் வாங்க மறுத்ததால்தான் உங்களை வெட்டினார்கள். அப்படித்தானே?" என்றார் அரசு வக்கீல்.

"இல்லைங்க. அண்ணனை நான் அடிச்சேன். தம்பி வெட்டினான்."

"நீங்கள் அப்போது கடமையில் இருந்தீர்கள்."

"கடன்காரனை அடிக்கறது என் கடமைன்னு எந்த ரூல்லயும் இல்லீங்க. கை ஓங்கின அப்ப நான் பொது ஊழியர் இல்லை. வெறும் ஆளு. வெறும் ஆளைத்தான் அவன் வெட்டினான்."

அரசு வக்கீல் காகிதங்களைக் கீழே வைத்தார். டை கட்டியவர் எழுந்து வெளியே போனார்.

நீதிபதி குனிந்து கேட்டார். "அப்படியென்றால் இதில் லஞ்சம் என்று ஒன்றும் இல்லை?"

"இருக்குதுங்க. கறி லஞ்சந்தான். கிணத்துல நான் ஏஜெண்ட்டாத்தான் எறங்கினேன், அதுக்குத்தான் கூறு வந்துச்சு. வாங்கினது என் கிளார்க்கு. என் பேரைச் சொல்லி வாங்கினான். அதையும் எழுதிக் குடுத்துட்டேன்."

நீதிபதி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "லஞ்ச ஒழிப்புச் சட்டத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாங்கிய பொருள் மிக அற்பமானது என்றால் அதை லஞ்சம் என்று ஊகிக்காமல் நீதிமன்றம் விட்டுவிடலாம். ஒரு கூறு ஆட்டுக்கறி. இந்த அற்பத்துக்கா ஐயா இத்தனையும்?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அற்பம் என்றால் என் குற்றமும் சிறுத்துவிடும் அல்லவா.

ஏஜெண்ட் கட்டுப்போட்ட கையால் கூண்டின் கட்டையை ஓங்கி அடித்தார். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது.

"சிரிக்காதீங்கடா!"

நீதிபதி எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. "அற்பம் இல்லீங்க. பதிமூணு கூறு போட்டிருக்கான். ஃபாதருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. அவன் வூட்ல அதுக்கு மேல பெருசாக் குடுக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. அது வேண்டாம்னு சொல்ல எனக்குச் சட்டம் இருக்குது. சின்னதுன்னு சொல்ல எவனுக்கும் சட்டம் இல்லை. அற்பம்னு எழுதாதீங்கய்யா. லஞ்சம்னு எழுதுங்க. பெரிய லஞ்சம்னு எழுதுங்க. அடிச்சது தப்புன்னும் எழுதுங்க. ரெண்டும் வேற வேற."

பதினாறு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சின்னப்பனுக்குப் பத்து மாதம். கறியைப் பற்றித் தீர்ப்பில் அற்பம் என்றும் இல்லை, லஞ்சம் என்றும் இல்லை. எனக்கு இரண்டு இன்கிரிமென்ட் நின்றது, அரூருக்கு மாற்றினார்கள். ஏஜெண்ட்டைப் பதவி இறக்கி வடக்கே எங்கோ அனுப்பினார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் சாட்சி சொன்ன அன்று கோர்ட் கலைந்ததும் நான் வெளியே வந்தேன். சவரிமுத்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்னோடு பேசாதவர், அன்று தானாகவே இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்.

"சார், எனக்கு ஒண்ணும் வெளங்கல. எல்லாரும் எதுக்குங்க சிரிச்சாங்க? நம்ம கறியப் பத்தியா?"

"ஆமாங்க. ஜட்ஜ் அதை அற்பம்னாரு."

"அப்டின்னா?"

"ஒண்ணுமில்லாத சமாச்சாரம்னு."

அவர் முகம் செத்துவிட்டது. "ஏஜெண்ட்டு என்னா சொன்னாரு? கட்டையத் தட்டினாரே?" என்றார்.

"ஒண்ணுமில்லாதது இல்லைன்னாரு. பெரிய லஞ்சம்னாரு."

"பெருசுன்னா சொன்னாரு?"

"ஆமாங்க, பெருசுன்னுதான்!" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவருக்குத் தெரியுதுங்க சார்" என்றார் சவரிமுத்து. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியை ஏற்றிக்கொண்டிருந்த போலீஸ் வண்டியை நோக்கி நடந்தார்.